இந்தியாவுக்கு அடியில் ஒரு பழங்கடலின் தரை

இமயத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் அம்மோனைட் என்னும் கடலுயிரியின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் பக்தர்கள் தேடியெடுத்துப் பூசிக்கும் சாளக்கிராமங்களும் பெரும்பாலும் அவையே. அந்த உயிர்கள் வாழ்ந்த கடலுக்கு 1893-இல் ஆஸ்திரியப் புவியியலாளர் எடுவார்டு சூயஸ் ‘டெத்திஸ்’ என்று பெயர் வைத்தார். கடலோரத்தில் படிந்த வண்டல் மலையாக உயர்ந்துவிட்டது. நடுக்கடலின் தரையோ எதிர்த்திசையில் பயணப்பட்டது. இன்று அதன் ஒரு பெரும்பகுதி நம் காலடியில், ஆயிரம் கிலோமீட்டருக்கும் கீழே கிடக்கிறது.

அதன் கதை 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் தொடங்குகிறது. கோண்டுவானா பெருங்கண்டத்தின் வட விளிம்பிலிருந்து நிலத்துண்டுகள் பிரிந்து விலகின. அந்த இடைவெளியில் பாறைக்குழம்பு மேலெழுந்து இறுகிப் புதிய கடல்தரை ஆனது. பிறந்த முகட்டைவிட்டு விலக விலக அது குளிர்ந்தது. குளிரக் குளிர அடர்த்தி கூடியது. ஆசியாவின் தென் விளிம்பை எட்டியதும் அதன் அடியில் சரிந்து, பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள கவச அடுக்குக்குள் இறங்கத் தொடங்கியது. இறங்கும் வழியில் அது கக்கிய நீர், மேலே இருந்த பாறையின் உருகுநிலையைத் தாழ்த்தியது. அப்படி உருகி எழுந்த குழம்புதான் லடாக்கிலும் தென் திபெத்திலும் இன்று கிரானைட் மலைகளாக நிற்கிறது.

அமிழும் தரை தன்னோடு ஒட்டியிருந்த இந்தியாவையும் வடக்கே இழுத்தது. ஒரு கட்டத்தில் இந்தியாவின் வேகம் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டரைத் தாண்டியது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இரு கண்டங்களும் மோதின. இலகுவான கண்டப்பாறை ஆழத்துக்குப் போகாமல் மேலேயே தங்கியது; கனத்த கடல்தரை அறுந்து தனியே இறங்கியது. மோதிய பிறகும் இந்தியா வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருந்ததால், அமிழ்ந்த கடல்தரைப் பலகைகளின் மேலாகவே அது கடந்து வந்துவிட்டது. 660 கிலோமீட்டருக்குக் கீழே உள்ள கீழ்க் கவசத்தின் பாறை எளிதில் வழிவிடாது. அங்கே பலகைகள் இறங்குவது ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர்தான்.

எந்தத் துளைப்பானும் எட்டாத அந்த ஆழத்தைக் காட்டிக்கொடுப்பவை நில அதிர்வு அலைகள். இந்துகுஷ் மலைக்கடியில் ஓர் அதிர்வு எழுந்தால், அதன் முதன்மை அலை இந்தியாவின் அடியாழத்தைக் கடந்து சுமார் 12 நிமிடத்தில் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையை அடைகிறது. குளிர்ந்த பாறையில் அலை சற்று வேகமாகப் போகும். அதனால் கிடைக்கும் ஆதாயம் பெரும்பாலும் ஒரு விநாடிக்கும் குறைவு. ஓர் அலையை மட்டும் வைத்து, வழியில் எந்த இடம் குளிர்ந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. வெவ்வேறு திசைகளில் குறுக்கும் நெடுக்குமாகப் போன லட்சக்கணக்கான அலைகளின் வருகை நேரங்களைச் சேர்த்துக் கணக்கிட்டால், மருத்துவமனை சி.டி. ஸ்கேனைப்போல உட்புறம் படமாகிறது.

1999-இல் ரோப் வான் டெர் வூ, விம் ஸ்பாக்மன், ஹார்மென் பைவார்ட் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் அப்படிப்பட்ட படத்தை ஆராய்ந்து, இந்தியாவுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் அடியில், கீழ்க் கவசத்தில் தென்பட்ட குளிர்ந்த பட்டைகள் டெத்திஸின் தரையே என்று விளக்கினார்கள்.

இத்தகைய படங்களுக்கு அடித்தளம் பல நாடுகள் பல்லாண்டுகளாகச் சேர்த்துவைத்த பதிவுகள். 1960-களில் அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டறியும் நோக்கோடு அமெரிக்கா உலகெங்கும் ஒரே தரத்திலான நில அதிர்வுமானிகளை நிறுவியது. அவற்றுள் ஒன்று நம் கொடைக்கானலில் இருந்தது. வேவுக்கென்று அமைந்த வலை பூமியின் உள்ளமைப்பை அறியவும் உதவியது. பதிவுகளை நாடுகள் பகிர்ந்துகொண்டதே அதற்குக் காரணம்.

டெத்திஸுக்கு நேர்ந்தது சுமத்ரா கரையோரம் இன்றும் தொடர்கிறது. அங்கே இந்தியப் பெருங்கடலின் தரை ஆசியாவின் அடியில் இறங்குகிறது. 2004 டிசம்பர் 26-இல் அந்த எல்லை 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்தபோது எழுந்த ஆழிப்பேரலைக்குக் கடலூரும் நாகப்பட்டினமும் மட்டக்களப்பும் விலை கொடுத்தன. இறங்கும் தட்டின் வடிவத்தையும் சாய்வையும் துல்லியமாக அறிய, நிலத்தில் உள்ள கருவிகள் மட்டும் போதாது. வங்கக் கடலின் அடியிலும் அந்தமானைச் சுற்றியும் நில அதிர்வுமானிகள் பெருக வேண்டும். அவற்றின் பதிவுகள் எல்லா நாட்டு ஆய்வாளர்களுக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். கரையில் வாழும் மக்களுக்கு அரசுகள் செய்யவேண்டிய கடமை இது.