ஏழு நாய்கள் இருந்த வீடு

கடந்த பொதுக்குழுக் கூட்டத்தில் தண்ணீர்க் கட்டணத்தைவிட அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது நாய்தான். ஒரு வீட்டில் எத்தனை நாய் வளர்க்கலாம், லிஃப்டில் கூட்டிப் போகலாமா, பார்க்கிங்கில் படுத்திருக்கும் மூன்று நாய்களுக்குச் சோறு வைப்பது யார் என்று பேசிப் பேசி இரவு ஒன்பதரை ஆகிவிட்டது. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது செயலாளர், "ஏற்காட்டுல உங்க வீட்ல நிறைய நாய் இருந்துச்சுன்னு சொல்வீங்களே சார், அதை இந்த இதழுக்கு எழுதிக் கொடுங்க" என்றார். எழுத உட்கார்ந்தால் எங்கள் வீட்டுக் கதை மட்டும் போதவில்லை. குன்னூர், பம்பாய், தியாகராய நகர் என்று சுற்றிவிட்டு வர வேண்டியதாயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் ரைட்டர். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பது நம் ஊரில் எல்லோரும் அறிந்த செய்தி. காபியோடு பங்களாக்கள் வந்தன, பங்களாக்களோடு சீமை நாய்களும் வந்தன. எங்கள் வீடு பங்களாவும் இல்லை, தொழிலாளர் லயமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு ஓட்டு வீடு. நாய்களும் அப்படித்தான். ஒன்று பங்களாவில் பிறந்து, காது சரியாகத் தொங்கவில்லை என்று கழித்துவிடப்பட்டது. இரண்டு லயத்திலிருந்து தாமாக வந்தவை. மற்றவை அவற்றின் பிள்ளைகள். ஒரு சமயம் ஏழு இருந்தன. ஒன்றுகூட விலை கொடுத்து வாங்கியதில்லை.

ஏழு நாய்கள் உள்ள வீட்டில் நேரத்தை நாய்கள்தான் சொல்லும். மாலை ஐந்து மணிக்கு அம்மா குண்டானில் கேழ்வரகுக் களி கிண்டுவார். கறி எடுத்த அன்று எலும்பு வேகவைத்த தண்ணீரை அதில் ஊற்றுவார். கிழ நாய்க்கு முதலில், குட்டிக்குக் கடைசியில். இந்த வரிசை மாறினால் சண்டை. அம்மா எங்களுக்குச் சோறு போடும்போதுகூட இவ்வளவு கண்டிப்பு காட்டியதில்லை. மழைக்காலத்தில் ஏழும் நனைந்து வந்து அடுப்படியில் படுக்கும். ஈர நாயின் நாற்றமும் விறகுப் புகையும் கலந்து எங்கள் பள்ளிச் சட்டை வரைக்கும் வரும். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார யாரும் போட்டி போட்டதில்லை.

பொழுது சாய்ந்ததும் தலை எண்ண வேண்டும். சிறுத்தைக்கு நாய் என்றால் உயிர். ஏழு என்று எண்ணி முடித்த பிறகுதான் அப்பா தாழ்ப்பாள் போடுவார். ஒரு மார்கழி இரவு எண்ணிக்கை ஆறோடு நின்றது. டார்ச் எடுத்துக்கொண்டு பள்ளம் வரை போய்விட்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தினார்.

காவலுக்காக நாய் வளர்ப்பது நம் பக்கத்தில் நேற்று வந்த பழக்கமில்லை. சேர்வராயன் மலையிலிருந்து வடகிழக்கே அரூர் தாண்டிப் போனால் செங்கம் பகுதி, நடுகற்களுக்குப் பேர்போன மண். அங்கே எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது இன்றைக்குச் சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன். எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட கல். அவன் பக்கத்திலேயே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்வர்களைக் கடித்து விரட்டிக் காவல் நின்றது என்று கல்லில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் எத்தனையோ பேரின் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு மாட்டுக்காரனுடைய நாயின் பெயர் தெரியும்.

இனி சொல்லப்போவது அவ்வளவு இதமான விஷயமில்லை. நான் மூன்றாம் வகுப்பு படித்த ஆண்டு லயத்தில் ஒருவரை வழிதவறி வந்த நாய் ஒன்று காலில் கடித்தது. மஞ்சளும் மிளகாயும் வைத்துக் கட்டினார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். புண் ஆறியது, வேலைக்கும் போனார். இரண்டு மாதம் கழித்துத் தண்ணீர்ச் செம்பைக் கண்டு அலறினார். மூன்றாம் நாள் போய்விட்டார். அவருடைய மகள் என் வகுப்புதான். அடுத்த வாரம் தோட்டத்துத் துப்பாக்கியோடு ஆட்கள் வந்தார்கள். கழுத்தில் பட்டை இல்லாத நாய்களை எல்லாம் லயத்திலேயே சுட்டார்கள். பங்களா நாய்களுக்குப் பட்டை இருந்தது. எங்கள் நாய்களுக்குப் பட்டை கிடையாது. அப்பா அவற்றை அடுப்படியில் அடைத்து, பழைய பெல்ட்டுகளையும் சணல் கயிற்றையும் வெட்டிக் கழுத்தில் கட்டிவிட்டார். அப்படித்தான் அவை பிழைத்தன. செத்தவற்றில் பெரும்பாலானவை எங்கள் நாய்களின் கூடப்பிறந்தவை.

மறு ஆண்டு, புதிதாகச் சேர்ந்த குட்டி என் தம்பியின் கையைக் கடித்தது. வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. தம்பி சேலத்தில் அத்தை வீட்டில் தங்கி, பெரியாஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டான். இங்கே மலையில் குட்டியைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பார்க்கச் சொன்னார்கள். கடித்த நாய்க்கு வெறி இருந்தால் அதற்குள் செத்துவிடும் என்பது கணக்கு. பாட்டி காலண்டரில் ஒவ்வொரு நாளாகப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார். பதினோராம் நாளும் குட்டி களி தின்றது. அதற்கு அப்புறம் பன்னிரண்டு வருடம் எங்களோடு இருந்தது.

அந்தப் பதினான்கு ஊசிக்கு ஒரு வரலாறு உண்டு. பாஸ்டர் பாரிசில் ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக வெறிநாய்க்கடி ஊசி போட்டது 1885 ஜூலையில். இந்தியாவில் அதற்கான முதல் நிலையம் 1900இல் இமயமலைச் சரிவில் கசௌலியில் வந்தது. தெற்கே ஒன்றும் இல்லை. 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண் தென்னிந்தியாவில் வெறிநாய்க்கடியால் இறந்தார். அந்தச் சாவு வெள்ளைக்கார வட்டாரத்தை உலுக்கியது. அதற்கு முன் இதே நோயில் செத்த லயத்து ஆட்களின் பெயர் எந்தப் பதிவிலும் இராது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் அளித்த நன்கொடையில் 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. மலை ரயில் 1899இலேயே குன்னூர் வரை வந்துவிட்டதால், கடிபட்டவர்கள் மேட்டுப்பாளையம் போய் அங்கிருந்து மலை ரயில் ஏற முடிந்தது.

1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் புதிய ஊசிமருந்து ஒன்றைச் செய்தார். ஆட்டு மூளையில் வளர்த்த கிருமியைக் கொன்று தயாரித்த மருந்து அது. உயிருள்ள கிருமி இல்லாததால் வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்ப முடிந்தது. கடிபட்டவன் மலை ஏறிய காலம் போய், ஊசி மலை இறங்கி வந்தது. என் தம்பிக்குப் போட்டது அந்த வகைதான். வலி கொஞ்சமல்ல. சிலருக்கு நரம்புத் தளர்ச்சி, பக்கவாதம் வரை கொண்டுபோய் விட்டதும் உண்டு. ஆனாலும் பல தலைமுறை அதை நம்பித்தான் நாயோடு வாழ்ந்தது. 2004 வாக்கில்தான் நம் நாட்டில் அதை முற்றிலும் நிறுத்தினார்கள். இன்றைக்கு அரசு மருத்துவமனைகளில் கையில் தோலுக்குள் போடும் சிறு ஊசி: முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்கள். ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். அதற்கெல்லாம் முன்பு, கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள் கூடாது, மிளகாய் கூடாது.

துப்பாக்கிக்கும் ஒரு வரலாறு உண்டு. பம்பாயில் கம்பெனி ஆட்சி வெயில் காலத்தில் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு போட்டு, செத்த நாய்க்கு இவ்வளவு என்று காசும் கொடுத்தது. காசுக்காக வீட்டு வாசலில் நின்ற நாய்களையும் அடிக்க ஆரம்பித்ததும், 1832 ஜூனில் பார்சிகள் திரண்டு எழுந்தார்கள். அவர்களுக்கு நாய் புனிதமான பிராணி. கடைகள் அடைபட்டன, பட்டாளத்தைக் கூப்பிட வேண்டியதாயிற்று. சென்னையில் 1860 முதல் மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது. நூறாண்டுக்கு மேல் அது நின்றபாடில்லை, நாயும் குறைந்தபாடில்லை. 1970களில் கொல்லப்பட்ட நாய்கள் அவ்வளவு அதிகமாக இருந்ததால், அவற்றின் தோலில் கழுத்து டையும் பர்சும் செய்து பார்க்கும் அளவுக்குப் போனது என்று ப்ளூ கிராஸைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். படித்த அன்று என் பர்சை எடுத்து ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

அந்தச் சின்னி கிருஷ்ணா வளர்ந்ததும் நாய்கள் நிறைந்த ஒரு வீட்டில்தான். அப்பா கேப்டன் வி. சுந்தரம், அம்மா உஷா சுந்தரம். இருவரும் விமானிகள். 1951இல் இங்கிலாந்திலிருந்து டவ் விமானத்தைத் தாங்களே ஓட்டி இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள். 1959இல் ஒரு பெருமழையில் தியாகராய நகரில் வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைச் சுந்தரம் வீட்டுக்குத் தூக்கி வந்தார். அத்தோடு நிற்குமா? ஒரு வீட்டில் இரண்டு குட்டி வந்தது தெரிந்தால் ஊரே மூன்றாவதைக் கொண்டுவந்து விடும். இது எங்கள் வீட்டு அனுபவம். அங்கும் அடிபட்டதும் அநாதையுமாக வந்து சேர்ந்தன. வீடு கொள்ளாமல் போனபோது அது அமைப்பானது. 1964இல் ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா முறைப்படி பதிவானது.

அதே 1964இல் அவர்கள் மாநகராட்சியிடம் ஒரு யோசனை சொன்னார்கள். கொல்ல வேண்டாம். கருத்தடை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுங்கள். ஏபிசி என்று பெயர் வைத்தார்கள், அரிச்சுவடி போல எளிது என்று காட்டுவதற்காக. இதன் கணக்கு நாய் வளர்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஒரு தெருவில் இருக்கும் நாய்களைத் தூக்கிவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. அடுத்த தெரு நாய் வரும், அதற்கு ஊசி போட்டிருக்காது. ஏற்காட்டில் அன்று சுட்ட பிறகும் அப்படித்தான். ஆறு மாதத்தில் லயத்தில் பழையபடி நாய்கள். எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரியாது.

எளிது என்று பெயர் வைத்ததை மாநகராட்சி ஏற்க 32 ஆண்டுகள் ஆயின. 1996இல் தென் சென்னையில் முதலில் தொடங்கினார்கள். 2001இல் மத்திய அரசு அதையே நாடு முழுவதற்குமான விதியாக்கியது. அதன் இடத்தில் இப்போது இருப்பவை 2023 மார்ச்சில் வந்த புதிய விதிகள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முதலில் டெல்லி நாய்களை மொத்தமாகப் பிடிக்கச் சொன்னது. பிறகு 22ஆம் தேதி அதை மாற்றி, வெறி பிடித்தவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றை ஊசி போட்டு அதே இடத்தில் விடச் சொன்னது. நவம்பர் உத்தரவு பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களுக்கு மட்டும் வேறு விதமாகச் சொல்கிறது. அங்கே பிடித்ததை அங்கேயே திரும்ப விடக்கூடாது.

இனி நம் கூட்டத்துக் கேள்விகள். 2023 விதிகள் சங்கத்தின் தலையிலேயே ஒரு வேலையைக் கட்டியிருக்கின்றன. வளாகத்து நாய்களுக்குச் சோறு வைக்க ஓர் இடமும் நேரமும் ஒதுக்க வேண்டும். அந்த இடம் குழந்தைகள் விளையாடும் இடத்தையும் வாசலையும் படிக்கட்டையும் விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். ஆக, பார்க்கிங் படியருகே தயிர்சாதம் வைப்பவர்கள் (நானும்தான்) இடத்தை மாற்றியாக வேண்டும். விலங்குகள் நல வாரியம் 2015இல் அனுப்பிய வழிகாட்டுதலின்படி, பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் வளர்ப்பு நாயைச் சங்கம் தடை செய்ய முடியாது, லிஃப்டில் வராதே என்றும் சொல்ல முடியாது. அதே வழிகாட்டுதல் நாய் வளர்ப்பவர்களையும் விட்டுவைக்கவில்லை. தங்கள் நாய் அசிங்கம் செய்தால் அள்ள வேண்டியது அவர்கள்தான்.

பி பிளாக்கில் அம்மா ஒருவர் கூட்டத்தில், "எம் பேரனைக் கடிச்சா யாருங்க பொறுப்பு?" என்று எழுந்து கேட்டார். சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. செம்பைக் கண்டு அலறிய சத்தத்தை ஒருமுறை கேட்டவனுக்கு அந்தக் கேள்வியில் சிரிக்க ஒன்றும் இல்லை. உலகில் வெறிநாய்க்கடியால் இறப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் நம் நாட்டவர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அந்த அம்மாவுக்குச் சொல்லக்கூடிய நேர்மையான பதில், நம் வளாகத்து நாய் ஒவ்வொன்றுக்கும் ஊசி போட்ட தேதியைக் காட்டுவதுதான்.

மே மாதம் கோடை விழாவுக்கு ஏற்காடு போனால் நாய்க் கண்காட்சியைப் பாருங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் ஊர் இனங்களும் சீமை இனங்களும் பளபளப்பான பட்டையோடு வரிசையில் நிற்கும். போன முறை தம்பியோடு போயிருந்தேன். திடலுக்கு வெளியே, பட்டையில்லாத ஒரு செவலை நாய் வேர்க்கடலைக் காரரின் வண்டிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. தம்பி வெகுநேரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "நம்ம குட்டி ஜாடை" என்றான்.

சங்க அலுவலகத்தில் நாய்ப் பதிவேடு ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரைக்காக வாங்கிப் புரட்டினேன். சில பெயர்களுக்கு எதிரே ஊசித் தேதி காலியாக இருக்கிறது. அவற்றில் எங்கள் வீட்டு இரண்டாவது நாயும் ஒன்று. சனிக்கிழமை காலை கூட்டிப் போகிறேன். காரில் இன்னும் இரண்டு நாய்க்கு இடம் இருக்கிறது, வருகிறவர்கள் சொல்லுங்கள்.