அக்ராசனரும் தலைவரும்

தமிழ் கெட்டது என்னும் புலம்பல் தாமிரபரணிக் கரையில் புதிதன்று. 1920இல் திருநெல்வேலியில் தோன்றிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம், 1923 முதல் 'செந்தமிழ்ச் செல்வி' இதழால் தூய தமிழைப் பரப்பிற்று. 'அக்ராசனர்', 'காரியதரிசி', 'அபேட்சகர்' என்றே பழகிய மூத்தோர்க்குத் 'தலைவர்', 'செயலாளர்', 'வேட்பாளர்' செயற்கையாக ஒலித்தன. இளையோர்க்கோ அந்தப் பழஞ்சொற்களே உறுத்தின. இன்று புதுச்சொற்களின்றி நாம் கூட்டம் நடத்துவதில்லை. மூத்தோரின் எரிச்சல் அவற்றைத் தடுக்கவில்லை. பேரர்கள் 'சூப்பர்' என்கையில் நாம் முகம் சுளிப்பதும் எதையும் தடுக்கப்போவதில்லை.

நாம் கவலைப்பட வேண்டியது வேறு. புதுமைப்பித்தன் (1906–1948) கதைகளில் ஏற்றிய நெல்லைப் பேச்சை, 'என்னவே' என்னும் அழைப்பை, நம் பிள்ளைகள் வெளியூரில் பேசக் கூசுகிறார்கள். கூசக் கற்பித்தவர்கள் நாமே. 'பிள்ளை, திருத்தமாய்ப் பேசு' என்று வீட்டில் அதட்டுகிறோமே!