வீட்டில் எர்த் சரியா இருக்கா? எட்டயபுரம் கரிசல் மண்ணில் கோடையில்தான் தெரியும்!

கிரைண்டரைத் தொட்டால் 'சுர்'ருனு ஷாக் அடிக்குதா? எட்டயபுரம் போன்ற கரிசல் ஊர்களில் மழைக்காலத்தில் இல்லாத இந்தத் தொல்லை சித்திரை, வைகாசியில் தலைகாட்டலாம். ஈரம் இருக்கும்வரை கரிசல் மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து, எர்த் குழாயை விட்டே விலகிவிடும். ஐப்பசி மழையில் அளந்து 'ஓகே' சொன்ன எர்த், கோடையில் அப்படியே இருக்காது.

எர்த் எதுக்கு?

ஃபேஸ் கம்பி கிரைண்டரின் இரும்பு உடம்பில் பட்டால், மின்சாரம் எர்த் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். வீட்டுக்கு வருவது 230 வோல்ட். எர்த் குழியின் மின்தடை 5 ஓம் என்றால் அதிகபட்சம் 46 ஆம்பியர் பாயும். 16 ஆம்பியர் எம்சிபி சிறிது நேரத்தில் டிரிப் ஆகிவிடும். அதுவே 50 ஓம் என்றால் 4.6 ஆம்பியர்தான். எம்சிபி அசையாது, கிரைண்டரில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும்.

மல்டிமீட்டர் போதாதா?

போதாது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 காட்டினால், கம்பி எங்கேயோ இணைந்திருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். மீட்டர் இழுக்கும் மின்சாரம் துளிதான், மோசமான குழியும் அதில் பாஸாகிவிடும். சில வீடுகளில் பிளக் பாயிண்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கியிருப்பார்கள். அங்கேயும் மீட்டர் சரியாகவே காட்டும். நியூட்ரல் அறுந்த அன்றைக்கு ஃபிரிட்ஜ் கதவே ஷாக் அடிக்கும்!

எப்படி அளப்பார்கள்?

இதற்கு எர்த் டெஸ்டர் கருவி வேண்டும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்து, குழியில் எர்த் கம்பியைக் கழற்றி, நேர்கோட்டில் இரண்டு முளைக்கம்பிகள் அடிப்பார். ஒன்று 30 மீட்டரில் என்றால் மற்றது சுமார் 18 மீட்டரில். நடுக்கம்பியைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினாலும் அளவு மாறக்கூடாது. மாறினால் அந்த அளவை நம்ப முடியாது. வீடுகள் ஒட்டியிருக்கும் தெருவில் இவ்வளவு இடம் கிடைப்பதுதான் பாடு. முடிந்ததும் கழற்றிய கம்பியைத் திரும்ப மாட்டியாச்சா என்று பார்த்துவிட்டே மெயினைப் போட வேண்டும்.

ஆர்சிசிபி இருந்தால்?

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, 50 ஓம் குழியிலும் டிரிப் ஆகும். கட்டாயம் போட வேண்டியதுதான். ஆனால் அதிலுள்ள 'டெஸ்ட்' பட்டன் ஆர்சிசிபியை மட்டுமே சோதிக்கும். எர்த் கம்பி அறுந்திருந்தாலும் பட்டன் வேலை செய்யும்.

கோடையில் அளவு எகிறியிருந்தால் குழியில் தண்ணீர் ஊற்றி மறுபடி அளக்கலாம். அப்போதும் இறங்காவிட்டால் குழாயோ இணைப்போ துருப்பிடித்திருக்கலாம். அதைத் தோண்டிப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது குழி போட வேண்டும்.