காத்திருக்கச் சொல்லும் அதிகாரம்: 'மாஸ் எஃபெக்ட்' விளையாட்டின் ஒரு சடல வழக்கும் நீலகிரியின் ஈம மரபும்

எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்காக 2007 நவம்பரில் வெளியான 'மாஸ் எஃபெக்ட்' விளையாட்டில் சமேஷ் பாட்டியா என்னும் கணவரின் வழக்கு ஒரு சிறு கிளைக்கதை. அறிவியல் புனைவு விளையாட்டுகளின் அறவியலை ஆராய்வோர் இதை எடுத்தாளும்போது பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: ஒரு பக்கம் சடங்கு, மறுபக்கம் அறிவியல், ஒருவரின் துயரத்துக்கும் பலரின் உயிருக்கும் நடுவே ஆடுபவர் ஒன்றைத் தேர்கிறார். இன்னொரு சாரார், இந்தியப் பெயர் தாங்கிய பாத்திரம் என்றதுமே ஈமச்சடங்கைக் கொண்டுவந்து நிறுத்தியது வெறும் ஒப்பனை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இவ்விரு வாசிப்புகளும் வழக்கின் பொருளையே தவறவிடுகின்றன. இறந்தவரின் உடல் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் யாருடையது என்பதே அங்கே நடக்கும் தகராறு. சடங்கும் அறிவியலும் அந்தத் தகராறு நடக்கும் களம், அவ்வளவே.

காட்சியை நெருங்கிப் பார்ப்போம். ஈடன் பிரைம் என்னும் மனிதக் குடியேற்றத்தைக் கெத் என்னும் இயந்திர இனம் தாக்குகிறது. அங்கே 212 என்னும் படைப்பிரிவில் இருந்த நிராலி பாட்டியா இறக்கிறார். சிட்டடெல் விண்நிலையத்தின் தூதரகப் பகுதியில் அவருடைய கணவர் சமேஷை, ஆடுபவர் இயக்கும் பாத்திரமான ஷெப்பர்ட் சந்திக்கிறார். இறுதிச் சடங்குக்காக மனைவியின் உடலைக் கேட்டும் ராணுவம் தர மறுக்கிறது என்பது சமேஷின் முறையீடு. அதே பகுதியில் இருக்கும் பாஸ்கர் என்னும் அலுவலரிடம் கேட்டால் காரணம் கிடைக்கிறது. கெத் ஆயுதங்கள் உண்டாக்கிய காயங்களை ஆராய்ந்தால் வீரர்களுக்கு மேலான பாதுகாப்பை உருவாக்கலாம். அதனால் உடல் தேவைப்படுகிறது. இதன் பிறகு ஆடுபவர்முன் இரண்டு வழிகள்: பாஸ்கரை வற்புறுத்தி உடலை விடுவிக்கலாம், அல்லது சமேஷிடம் திரும்பிப் போய் விட்டுக்கொடுக்கச் சொல்லலாம்.

சடங்கு எதிர் அறிவியல் என்னும் வாசிப்பு இங்கேயே ஆட்டம் காண்கிறது. பெயரை வைத்து சமேஷை இந்து மரபினர் என்று கொண்டாலும் (விளையாட்டு இதை அழுத்திச் சொல்வதில்லை என்பதால் எச்சரிக்கையோடு கொள்கிறேன்), உடல் கிடைக்காத சாவுக்கு அந்த மரபு வழி வைத்தே இருக்கிறது. தர்ப்பையாலோ பலாச இலைகளாலோ உருவம் சமைத்து அதற்கு எரியூட்டிக் கருமம் செய்வது தர்ம நூல்கள் அறிந்த முறை. கடலிலும் காட்டிலும் போர்க்களத்திலும் காணாமல் போனவர்களுக்கு ஊர்கள் இப்படித்தான் செய்துவந்திருக்கின்றன. ஆக, உடல் இல்லாவிட்டால் சடங்கே நின்றுபோகும் என்பது சமேஷின் நிலையாக இருக்க முடியாது. உடல் இருக்கிறது, இருக்கும் இடமும் தெரியும், ஆனால் தர மறுக்கிறார்கள்: அவரை அலைக்கழிப்பது இதுதான். காணாமல் போன உடலுக்கு மரபு மாற்று சொல்கிறது. பூட்டி வைத்த உடலுக்குச் சொல்வதில்லை.

பாஸ்கரின் பேச்சிலும் 'ஒருபோதும் தர மாட்டோம்' என்பது இல்லை. இப்போது இல்லை என்பதே அதன் சாரம். ஆனால் எப்போது என்பதற்குப் பதில் வருவதில்லை. இந்த இடைவெளியை முந்தைய வாசிப்புகள் கவனிக்காததற்கு விளையாட்டின் உரையாடல் அமைப்பே முதற்காரணம் என்று நினைக்கிறேன்.

திரையின் அடியில் தோன்றும் உரையாடல் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். வலப்பக்கம் வழக்கமான பதில்கள். மேலே இருப்பது இணக்கமானது, கீழே இருப்பது கடுமையானது. இடப்பக்கம் மேலே நீல எழுத்தில் இதமாகப் பேசி இணங்கவைக்கும் 'சார்ம்', கீழே சிவப்பு எழுத்தில் அதட்டிப் பணியவைக்கும் 'இண்டிமிடேட்'. இத்திறன்களில் போதிய புள்ளிகளை முன்பே செலவிட்டிராதவருக்கு அந்த வரிகள் மங்கலாகத் தெரியும், தேர்ந்தெடுக்க முடியாது. மேலும், சக்கரத்தில் இருப்பது பேச்சின் சுருக்கமே. ஆடுபவர் ஒரு சொற்றொடரைத் தேர்கிறார், ஷெப்பர்ட் வேறு வாக்கியங்களில் பேசுகிறார்.

சமேஷின் வழக்கில் இந்த அமைப்பு ஒரு விந்தையைச் செய்கிறது. உடலை விடுவிக்கவும் இதமாகப் பேசலாம், அதட்டலாம். உடலை விட்டுக்கொடுக்கச் செய்யவும் இதமாகப் பேசலாம், அதட்டலாம். பாரகான் (இணக்க நடத்தை), ரெனிகேட் (கடும் நடத்தை) என்னும் புள்ளிகள் பேசும் தொனியோடு ஒட்டிக்கொள்கின்றன; உடல் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதோடு அல்ல. துயரத்தில் இருப்பவரிடம் மெல்லப் பேசி அவருடைய கோரிக்கையைக் கைவிடச் செய்தவருக்கும் நற்பெயர், அலுவலரிடம் மெல்லப் பேசி உடலை மீட்டவருக்கும் நற்பெயர். இந்தப் புள்ளிகளை வைத்து 'விளையாட்டு எந்தப் பக்கம் சாய்கிறது' என்று கணிக்கப் புறப்பட்ட ஆய்வுகள் குரலின் ஏற்ற இறக்கத்தைத்தான் அளந்திருக்கின்றன.

ஷெப்பர்டை நடுவராகக் கொள்வது இதைவிடப் பெரிய பிழை. அவர் மனிதர்களின் ராணுவமான அலையன்ஸின் அதிகாரி. உடலைப் பிடித்து வைத்திருக்கும் அதே அமைப்பின் சீருடை அவர்மீது இருக்கிறது. சமேஷ் அவரை அணுகுவதும் அதனால்தான். ஒரு தரப்பின் ஆளே வழக்கைத் தீர்க்கிறார். தீர்க்கும் வல்லமையும் நியாயத்தின் பலத்திலிருந்து வராமல், ஆடுபவர் செலவிட்ட திறன் புள்ளிகளிலிருந்து வருகிறது. அன்றாட வாழ்வில் 'உள்ளே ஆள் இருந்தால் காரியம் ஆகும்' என்று சொல்வோமே, அதன் விளையாட்டு வடிவம் இது. எழுத்தாளர்கள் இதை நையாண்டியாக எண்ணி அமைத்தார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. பிரதி அப்படித்தான் இயங்குகிறது.

காத்திருத்தலைப் பற்றிய என் வாதத்துக்கு நீலகிரிச் சான்று ஒன்று வலுச் சேர்க்கிறது. அங்கே வாழும் பழங்குடியினரான கோத்தரும் தோடரும் ஒரு சாவுக்கு இரண்டு ஈமச்சடங்குகள் நடத்திவந்தார்கள். பச்சைச் சாவு எனப்படும் முதற்சடங்கில் உடல் எரிக்கப்படும். மண்டையோட்டின் சிறு துண்டு எடுத்து வைக்கப்படும். தோடரிடையே தலைமுடியும் சேரும். மாதங்கள் கழித்து வறள் சாவு வரும்போது அந்த எச்சத்துக்குத் தனியே எரியூட்டல் நடக்கும். மானுடவியலாளர் ரிவர்ஸ் 1901-02-இல் நீலகிரியில் தங்கிக் களப்பணி செய்து 1906-இல் வெளியிட்ட தோடர் நூலும், கோத்தரின் வறள் சாவைப் பற்றி மேண்டல்பாம் 1954-இல் எழுதிய கட்டுரையும் இதை விரிவாகப் பதிவுசெய்கின்றன. கோத்தரிடையே வறள் சாவு அந்த இடைக்காலத்தில் இறந்த அனைவருக்கும் சேர்த்து நடந்தது. துணையை இழந்தவரின் துக்கக் கட்டுப்பாடுகள் அதோடுதான் நீங்கின. இரண்டாம் சடங்கு இன்று பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. அதன் தருக்கம் மட்டும் நம் கேள்விக்கு இன்றும் பயன்படுகிறது.

அந்தத் தருக்கத்தில் தாமதம் ஒரு குறையாகக் கருதப்படவில்லை; சடங்கின் ஓர் உறுப்பாகவே இருந்தது. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் இருந்தன. இறந்தவரின் ஏதோ ஒன்று உறவினரின் கையில் இருந்தது. காத்திருப்பவருக்கு ஊரறிந்த ஒரு நிலை இருந்தது. எப்போது முடியும் என்பதை உறவும் ஊருமே கூடித் தீர்மானித்தன. பாஸ்கர் சமேஷிடம் கேட்கும் தாமதத்தில் இம்மூன்றும் இல்லை. கையில் எதுவும் இல்லை. அலுவலக வாசலில் நிற்பவர் என்பதற்குமேல் அவருக்கு நிலை இல்லை. முடிவுத் தேதியும் இல்லை. ஆக, உரையாடல் சக்கரம் காட்டாத மூன்றாவது வழி ஒன்று உண்டு: ஆய்வுக்கு ஒரு கால எல்லை குறித்து, அது முடியும்வரை நிராலியின் உடற்பகுதி ஒன்றையேனும் சமேஷிடம் தந்து முதற்சடங்கை நடத்தவிடுவது. இரு தரப்பையும் இணக்கும் இந்த எளிய ஏற்பாடு விளையாட்டுக்குத் தோன்றவில்லை. 'கொடு', 'கொடுக்காதே' என்னும் இரண்டையே அது அறவியல் என்று நம்பியதுதான் காரணம்.

அரசு உடலைப் பிடித்து வைப்பதே அநீதி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2021 டிசம்பர் 8 அன்று வெலிங்டன் ராணுவப் பணியாளர் கல்லூரிக்குச் சென்றுகொண்டிருந்த விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூருக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உட்பட 13 பேர் அன்றே உயிரிழந்தார்கள். சிகிச்சையில் இருந்த ஒருவர் ஒரு வாரம் கழித்து இறந்தார். வெலிங்டனில் அஞ்சலிக்குப் பின் உடல்கள் சூலூர் வழியாக டெல்லிக்குப் போயின. பார்த்து அடையாளம் காண முடியாதவற்றை டிஎன்ஏ சோதனை முடிந்த பிறகே குடும்பங்களிடம் ஒப்படைத்தார்கள். அங்கும் குடும்பங்கள் காத்திருந்தன. ஆனால் தம் வீட்டாரின் உடல்தான் தம்மிடம் வருகிறது என்ற உறுதி அவர்களுக்கே தேவைப்பட்டது. தாமதத்தின் பயன் அவர்களிடமே திரும்பியது, அதன் முடிவும் தெரிந்திருந்தது. பாஸ்கரின் தாமதமோ அமைப்பின் தேவைக்கானது. இந்த வேறுபாட்டைக் காணாமல் இரண்டையும் 'ராணுவத் தேவை' என்னும் ஒரே பெயரில் அடைப்பவர்களோடு நான் உடன்படவில்லை.

எதிர்வாதங்கள் சில உண்டு. எட்மண்டனில் உருவான விளையாட்டுக்கும் கோத்தர் ஊர்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு இருந்ததாக நான் சொல்லவே இல்லை. ஒப்பீட்டுக்கு வரலாற்றுத் தொடர்பு நிபந்தனையும் இல்லை. பாட்டியா என்பது வடஇந்தியப் பெயர், மலைவாழ் மக்களின் வழக்கம் அதற்குப் பொருந்தாது என்பார்கள். சமேஷ் என்ன செய்ய வேண்டும் என்பதை விளக்க அந்த வழக்கத்தை நான் கொண்டுவரவில்லை. விளையாட்டு எதை எண்ணத் தவறியது என்பதைக் காட்டவே அது இங்கே வருகிறது. சில நிமிடக் கிளைக்கதைக்கு இவ்வளவு பாரமா என்பது மூன்றாவது கேள்வி. அண்டத்தைக் காக்கும் மையக்கதையில் ஆடுபவருக்கு உண்மையில் விலக வழியில்லை. தன் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று அவர் யோசிக்க இடம் கிடைப்பது இத்தகைய சிறு வழக்குகளில்தான்.

நான் முன்வைக்கும் முடிவு இந்த ஒரு வழக்கின் எல்லைக்குள் நிற்பது. தொடரின் பிற பாகங்களுக்கு அதை நீட்டும் முன் தனிச் சோதனை வேண்டும். ஆனாலும் முறையியலில் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். இவ்வகை விளையாட்டுகளின் அறத்தை ஆராய்பவர், யார் யாரைக் காத்திருக்கச் சொல்கிறார்கள், எதைக் கையில் கொடுத்து, எந்த நாள்வரை என்று முதலில் கேட்க வேண்டும். அதைக் கேட்காத வரை, பாரகான் கூடியதா ரெனிகேட் கூடியதா என்ற கணக்கு ஷெப்பர்ட் பேசிய விதத்தைச் சொல்லுமே தவிர, நிராலியின் உடலுக்கு அவர் செய்தது என்ன என்பதைச் சொல்லாது.