மூன்றாம் வகுப்பு டிக்கெட்டில் உலக முடிவுக்கு

தேசியப் பூங்கா என்றாலே நம்மில் பலருக்கு ஜீப்தான் ஞாபகம் வரும். யாலவுக்கோ வில்பத்துவுக்கோ போகக் கணக்குப் போட்டால், ஜீப் வாடகையே கையைக் கடிக்கும். 'இதெல்லாம் காசு உள்ளவங்களுக்கு' என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஜீப் சஃபாரியே இல்லாத ஒரு பூங்கா நம்ம மலையில இருக்கு: ஹோர்ட்டன் சமவெளி. அங்கே நடந்துதான் பார்க்கணும்.

அதுவும் ஒரு காலத்தில் துரைமாரின் இடம்தான். சிங்களத்தில் மகாஎலிய என்று வழங்கிய இந்த மேட்டுநிலத்தை 1834இல் இரண்டு பிரித்தானிய இராணுவ அதிகாரிகள் 'கண்டுபிடித்தார்கள்'. பலாங்கொடை மனிதரின் கல்லாயுதங்கள் கிடைத்த இடத்தை யார் புதுசாக் கண்டுபிடிக்கிறது? ஆனாலும் அன்றைய ஆளுநர் ஹோர்ட்டனின் பெயர் நிலைத்துவிட்டது. பின்னால் வேட்டைக்காரர் வந்தார்கள். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் நாய்களை ஏவி மரைகளைத் துரத்தினார். தீவெங்கும் யானைகளைச் சுட்டார். இன்று சமவெளியில் மரை மேயுது, யானை இல்லை. பேக்கரின் பெயரில் அருவி இருக்கு. தோட்டத்துரை தோமஸ் ஃபாரின் வேட்டை விடுதிதான் இப்போது பார்வையாளர் நிலையமாக இருக்கும் ஃபார் இன்.

காடு தப்பியதற்கும் ஒரு காரணம் உண்டு. 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடக்கூடாது என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் அரசுக்கு ஆலோசனை சொன்னார். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது. 1969இல் சரணாலயம், 1988இல் தேசியப் பூங்கா, 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமை.

துரைமார் குதிரையில் ஏறிய மலைக்கு நாங்கள் ரயிலில் போகிறோம். மலைநாட்டு ரயில் 1885இல் நானுஓயாவுக்கும் 1893இல் அப்புத்தளைக்கும் வந்தது. தேயிலையை இறக்கத்தான் அந்தப் பாதை. கல் உடைத்து, மண் சுமந்து அதைப் போட்டவர்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் இருந்தார்கள்.

இனிச் செலவைக் குறைக்கும் வழி. மூன்றாம் வகுப்பு டிக்கெட்டில் பட்டிப்பொலவில் இறங்குங்க. 1,891 மீற்றர் உயரத்தில், நாட்டிலேயே மிக உயரமான நிலையம். முதல் நாளே போய் அங்கே ஒரு சாதாரண அறையில் தங்கி, விடியமுன் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்தால் செலவைப் பிரிச்சுக்கலாம். அடையாள அட்டையை மறக்க வேணாம், உள்ளூர்க் கட்டணம் வெளிநாட்டவர் கொடுப்பதில் ஒரு சிறு பங்குதான். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்க, ஆனா பொலித்தீனில் வேணாம், வாசலில் வாங்கிவிடுவார்கள். உள்ளே சுற்றுப்பாதை சுமார் 9 கிலோமீற்றர். ஒன்பது மணிக்குள் உலக முடிவில் நிற்கணும், பிறகு மூடுபனி மறைத்துவிடும். திரும்பும்போது கால் தாங்கினால் ஒஹிய நிலையத்துக்கு 11 கிலோமீற்றர் இறக்கம், நடந்தே வரலாம். மழைக்காலத்தில் மண்சரிவால் ரயில் நின்றுவிடுவதுண்டு, முதலே விசாரிச்சுக்குங்க.

உலக முடிவின் செங்குத்து ஏறக்குறைய 880 மீற்றர். விளிம்பில் நின்று குனிந்தால் கீழே தேயிலைத் தோட்டங்கள் தெரியும். அந்த மாதிரித் தோட்டங்களில் பிறந்த எத்தனையோ பேர் இன்னும் இங்கே ஏறிப் பார்த்ததில்லை. வரைபடத்தில் ஹோர்ட்டன், ஃபார், பேக்கர் எல்லாரும் இருக்காங்க. பாதை போட்டவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. அடுத்த விடுமுறைக்குப் போகிறவர்கள், தோட்டத்தில இருக்கிற ஒரு தம்பியையோ தங்கச்சியையோ கூட்டிட்டுப் போங்க.