வளையமும் வடமும்: அலுவலகக் கணினி இணைப்பின் வரலாறு

கணினிகளை வடத்தால் இணைக்கும் முறைக்கு இன்று பெரும்பாலும் ஈத்தர்நெட் என்பதே பெயர். ஈத்தர் என்பது, ஒளி பரவுதற்கு இடமாக அண்டமெங்கும் நிறைந்துள்ளது எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிவியலார் கருதிய ஒரு நுண்பொருள். அதனைக் கண்டறிய முயன்ற மைக்கல்சன், மார்லி இருவரின் 1887ஆம் ஆண்டுச் சோதனை வெறுங்கையோடு திரும்பியது. அப்படியொரு பொருள் தேவையே இல்லை என்று 1905இல் ஐன்ஸ்டைன் காட்டிவிட்டார். இல்லாத பொருளின் பெயரைத் தாங்கிய இம்முறை, தன்னினும் செல்வாக்கு மிக்க எதிரி ஒன்றை வென்று நிலைத்தது. அது எவ்வாறு வென்றது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்து நார்மன் ஆபிரம்சனும் அவருடைய குழுவினரும், தீவுகளில் சிதறிக் கிடந்த முனையங்களை வானொலி வழியாக நடுக் கணினி ஒன்றோடு 1971இல் இணைத்தனர். 'அலோகா' என்பது அவ்வமைப்பின் பெயர். செய்தி உடையவர் உடனே அனுப்பலாம். இரண்டு செய்திகள் மோதிச் சிதைந்தால் சிறிது பொறுத்து மீண்டும் அனுப்ப வேண்டும். இதனை ஆழ்ந்து கற்றவர் ராபர்ட் மெட்காஃப். கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் மேசைக் கணினிகளையும் ஒரு லேசர் அச்சுப்பொறியையும் இணைக்க வேண்டியிருந்தபோது, 1973 மே 22ஆம் நாள் அவர் ஒரு குறிப்பு எழுதினார். வானொலிக்கு மாறாக ஒரே பொதுவடம். அதில் யாவரும் செவிகொடுத்திருப்பர். அமைதி நிலவினால் பேசலாம். பேசும்போதே பிறர் குரல் மோதினால் நிறுத்திவிட வேண்டும். டேவிட் பாக்ஸின் துணையோடு அவர் அமைத்த முதல் இணைப்பு நொடிக்கு 2.94 மெகாபிட் செய்தியைச் சுமந்தது.

எதிரியோ ஐ.பி.எம். நிறுவனம் 1985இல் வெளியிட்ட 'டோக்கன் ரிங்'. இதில் கணினிகள் வளையமாக அமையும்; ஒரு சிறு குறியீடு கைம்மாறிச் சுற்றி வரும்; அது தன்னிடம் வரும்போதுதான் ஒரு கணினி பேசலாம். வகுப்பறையில் பழகியவர்க்கு இவ்விரு முறைகளும் புதியன அல்ல. கோலை வைத்திருப்பவன் மட்டுமே பேசலாம் என்பது ஒன்று. இருவர் ஒருங்கே வாய் திறந்தால் இருவரும் நிறுத்திக்கொள்க என்பது மற்றொன்று. கோல் தொலைந்து போனால்? அதற்கும் ஐ.பி.எம். ஒரு சட்டாம்பிள்ளையை வைத்திருந்தது: கணினிகளுள் ஒன்று கண்காணித்து, குறியீடு காணாமற் போனால் புதியதை உண்டாக்கும்.

அலுவலகங்களின் கணினிப் பொறுப்பாளர் எதனைத் தெரிந்தெடுப்பது? இது சிறு கேள்வி அன்று. கணினியைச் சில ஆண்டுகளில் மாற்றிவிடலாம். சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் ஓடும் வடத்தை மாற்றுவது பெருஞ்செலவு. வளையத்தில் தன் முறை எப்போது வரும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு, பொதுவடத்தில் இல்லை. போதாக்குறைக்கு, ஈத்தர்நெட் தன் கொள்ளளவில் 37 விழுக்காட்டுக்கு மேல் பயன்தராது என்ற பேச்சும் பரவியிருந்தது. அக்கணக்கு உண்மையில் அலோகாவின் திருந்திய வடிவம் ஒன்றுக்கு உரியது. அங்கே பேசுமுன் கேட்கும் வழக்கம் இல்லை. ஒருவன் மதிப்பெண்ணை மற்றொருவன் தேர்ச்சி அட்டையில் எழுதிய கதைதான்! பாக்ஸும் அவர் தோழர் இருவரும் மெய்யான வடத்திலேயே அளந்து பார்த்து, கொள்ளளவின் பெரும்பகுதியைப் பயன்படுத்த முடியும் என்று 1988இல் வெளியிட்டனர். எனினும் ஒருமுறை பரவிய எண் எளிதில் மறைவதில்லை.

பேச்சுமுறையின் சிறப்பால் ஈத்தர்நெட் வென்றது என்று யான் கருதவில்லை. ஜெராக்ஸ், டிஜிட்டல், இன்டெல் ஆகிய மூன்று நிறுவனங்கள் 1980இலேயே அதன் விதிகளை அச்சிட்டு வெளியிட்டன. பல நிறுவனங்கள் இணைப்பு அட்டைகளைச் செய்யத் தொடங்கவே விலை வீழ்ந்தது. வளையத்திற்கும் பொது விதிகள் வகுக்கப்பட்டன. ஆயினும் அதன் சந்தையில் ஐ.பி.எம். ஒன்றே ஓங்கி நின்றது. அட்டையின் விலையும் அந்த அளவுக்குக் குறையவில்லை.

வடத்திலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. தொடக்கத்து ஈத்தர்நெட் வடம் தடித்தது; வளைக்க அரியது. பின்வந்த மெல்லிய வடத்தில் ஓரிடத்தில் இணைப்பு விட்டுப்போனால் அத்தொடர் முழுதும் ஊமையாகும். வளையமோ பெயரளவில்தான் வளையம். அதன் வடங்கள் ஒவ்வொரு மேசையிலிருந்தும் ஒரு நடுப்பெட்டிக்குச் சென்றன. ஆதலின் பழுதைக் காண்பது எளிது. எதிரியின் இந்நலனை ஈத்தர்நெட் தனதாக்கிக்கொண்டது. 1990இல் வகுக்கப்பட்ட விதிப்படி, தொலைபேசிக்குரிய முறுக்கிய செப்புக் கம்பியிலேயே மேசைதோறும் தனி வடம் இழுத்து, நொடிக்கு 10 மெகாபிட் அனுப்ப முடிந்தது.

அதே 1990இல் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம், செய்தியின் முகவரியைப் பார்த்து உரிய வடத்தில் மட்டும் செலுத்தும் பெட்டியை விற்கத் தொடங்கியது. பெயரைக் கண்டு வியக்க வேண்டா. அதனை நிறுவியவருள் ஒருவர் இந்தியரான வினோத் பரத்வாஜ். 1997இல் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் விதி வந்தது. அத்தகைய இணைப்பில் மோதல் என்பதே இல்லை. இரு கட்சியாரும் பத்தாண்டுகளுக்கு மேல் வாதிட்ட பேச்சுமுறை, வென்ற கட்சியிலேயே இவ்வாறு தேவையற்றுப் போயிற்று. எஞ்சி நின்றது செய்தியை மடித்து முகவரி எழுதும் முறைதான். 48 பிட் கொண்ட அம்முகவரி 1980இல் வகுத்தவாறே இன்றும் வழங்குகிறது. 1999இல் நொடிக்கு 1000 மெகாபிட் அனுப்பும் விதியை வகுத்தோர், அதற்குமுன் அலுவலகச் சுவர்களுள் இழுக்கப்பட்டிருந்த ஐந்தாம் வகைச் செப்புக் கம்பியே போதுமாறு அதனை அமைத்தனர்.