கடைவீட்டு இரும்புப் பெட்டி: மலையக முஸ்லிம் வணிகர் மறைத்ததும் காத்ததும்

மலையக முஸ்லிம்களின் வணிக வரலாறு என்றதும் கடைவீதிகளும் பள்ளிவாசல்களும்தான் பேச்சுக்கு வருகின்றன. கடையின் பின்னறையில், அலுமாரி மறைவில் இருந்த இரும்புப் பெட்டியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஆனால் நம்மவர் யாரை நம்பினார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

கோப்பியின் வீழ்ச்சியிலிருந்து தொடங்கலாம். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அவற்றுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே 3ஆம் திகதி கதவை மூடியது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த வங்கியின் நோட்டுகளுக்கு அரசாங்க உத்தரவாதம் அளித்தார். பணத்தை வைப்பிலிட்டவர்களுக்கு அந்த உத்தரவாதம் கிடைக்கவில்லை. அதே ஆண்டில்தான் ரயில் ஹற்றனை எட்டியது. 1888இல் ஹற்றன் வங்கி தோன்றியது. ஆங்கிலேயர் இருவர் தொடங்கிய அது முதலில் துரைமாரின் தேவைக்கே உதவியது. நம் கடைக்காரருக்கோ வட்டி பற்றிய மார்க்கத் தயக்கமும் இருந்தது. ஆக, பணம் வீட்டிலேயே தங்கியது.

தோட்டத்துச் சம்பள நாளில் கடன் சிட்டைகள் தீரும். கடையில் காசு குவியும். அது கொழும்புப் புறக்கோட்டை மொத்த வியாபாரியிடம் போய்ச் சேரும்வரை சில இரவுகள் பெட்டி நிறைந்திருக்கும். அந்த இரவுகள் எவை என்பது முதலாளிக்குத் தெரிந்த அளவு கள்ளனுக்கும் தெரியும்.

பூட்டை மட்டும் நம்ப முடியாது என்பது உலகறிந்த விஷயம். 1851 லண்டன் மாபெரும் கண்காட்சிக் காலத்தில், எவராலும் திறக்க முடியாது எனப் பெயர்பெற்ற சப் நிறுவனத்தின் பூட்டை அமெரிக்கரான ஹொப்ஸ் அரை மணி நேரத்துக்குள் திறந்து காட்டினார். எங்கள் வீட்டு மூத்தவர்கள் அந்தக் கதையைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் "பெட்டி பலமா ஈந்தா மட்டும் போதாது மகன், ஊருக்குத் தெரியாம ஈக்கணும்" என்பார்கள்.

ஹற்றன், தலவாக்கலைப் பக்கத்துப் பழைய கடைவீடுகள் சிலவற்றில் இந்த மறைப்பின் தடயங்களைப் பார்த்திருக்கிறேன். பாரம் அதிகமென்பதால் மேல்மாடிப் பலகைத்தளம் பெட்டியைத் தாங்காது. எனவே கீழ்த்தளச் சுவரைக் குடைந்து பெட்டியைப் பதித்து, முன்னால் அலுமாரியை நிறுத்துவார்கள். அல்லது அரிசி மூட்டைகளை அடுக்குவார்கள். முன்கடை மேசை லாச்சியில் கொஞ்சம் சில்லறை எப்போதும் கிடக்கும். வந்தவன் அதை எடுத்துக்கொண்டு போய்விடட்டும் என்ற கணக்கு அது.

நுவரெலியாக் குளிரில் கணப்பு அடுப்பின் பக்கத்துச் சுவர் உலர்ந்திருக்கும். ஆனால் அந்தச் சூட்டில் காகிதம் கெடும். மற்றச் சுவர்களில் ஈரம். பழைய ஆங்கிலப் பெட்டிகள் பலவற்றில் இரட்டைத் தகட்டுக்கு நடுவே படிகாரமும் மரத்தூளும் அடைத்திருக்கும். தீப்பிடித்தால் படிகாரம் நீரைக் கக்கி உள்ளிருப்பதைக் காக்கும். அதே படிகாரம் காலப்போக்கில் இரும்பை அரிக்கவும் செய்யும். அதனால் சின்னச் சட்டியில் சுட்ட சுண்ணாம்பை உள்ளே வைத்து ஈரத்தை உறிஞ்ச விடுவார்கள்.

பெட்டியில் இருந்தது முதலாளியின் சொத்து மட்டுமல்ல. அக்கம்பக்கத்தார் பாதுகாப்புக்காகக் கொடுத்த நகை, அமானிதமாக, பெயர் எழுதிய துணிமுடிச்சில் கிடக்கும். ஹிஜ்ரத் இரவில்கூட நபி (ஸல்) அவர்கள், தம்மிடமிருந்த அமானிதங்களை உரியவர்களிடம் சேர்க்க அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றதை நாமறிவோம். அந்த முன்மாதிரியால்தான் கடைக்காரரின் பெட்டிக்கு ஊரில் மதிப்பு இருந்தது.

மறைப்பு கள்ளனிடமிருந்து காக்கும். கலகக் கும்பலிடமிருந்து காக்காது. 1915 மே 28 இரவு கண்டியில் மூண்ட வன்முறை ஐந்து மாகாணங்களுக்குப் பரவியது. 4,075 கடைகள் சூறையாடப்பட்டன என்பது பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு. மறைவிடத்தைத் தேட கள்ளனுக்கு நேரமில்லை. சுவரையே இடிக்க வந்தவர்களுக்கு அந்த அவசரம் இருக்கவில்லை.

1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் பெட்டிக்கு இன்னொரு பெறுமதி கொடுத்தது. 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து இங்கு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். தமிழகக் கரையிலிருந்து வந்து கடை வைத்த நம்மவருக்கும் இதே நிபந்தனைதான். அப்போது நகையைவிட வாடகைப் பற்றுச்சீட்டும் பழைய பேரேடும் பெரிதாயின.

1970இல் நிதியமைச்சர் என்.எம். பெரேரா 50, 100 ரூபாய் நோட்டுகளைச் செல்லாதவையாக்கினார். குறுகிய தவணைக்குள் அவற்றை வங்கியில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. எந்தக் கள்ளனும் தொடாத பணம், ஓர் அறிவித்தலோடு வெளிச்சத்துக்கு வந்தாக வேண்டியதாயிற்று.

நம் ஃபிக்ஹு நூல்கள் பயிர், கால்நடையை வெளிப்படையான செல்வம் என்றும், பொன், பணம், வணிகச் சரக்கை மறைவான செல்வம் என்றும் பிரிக்கின்றன. மறைவான செல்வத்தின் ஸகாத் உரியவரின் மனச்சாட்சியிடமே விடப்பட்டது. ஊரார் கண்ணுக்குத் தெரியாமல் வைக்கலாம்; கணக்கில்லாமல் வைக்க முடியாது. வஸிய்யத்தை எழுதி வைக்க மார்க்கம் வலியுறுத்துவதும் இதையொட்டியே. சாவியின் இரகசியம் ஒருவரோடு மௌத்தானால், பிள்ளைகளின் உரிமையும் பிறர் அமானிதமும் சேர்ந்தே போய்விடும்.

இன்று இந்தப் பெட்டிகள் பழைய இரும்பு வாங்குபவரிடம் நிறைக்குப் போகின்றன. உள்ளே இருக்கும் அரபுத்தமிழ்க் குறிப்புகளும் கடன் சிட்டைகளும் காணி உறுதிகளும் குப்பையோடு எரிக்கப்படுகின்றன. எந்தத் தோட்டத்தில் யார் வாழ்ந்தார், எந்தக் கரையிலிருந்து எவர் வந்தார் என்பதற்கு அவையே சான்று. உங்கள் வீட்டில் அப்படியொரு பெட்டி இருந்தால், விற்பதற்கு முன் அதைத் திறந்து, ஒவ்வொரு காகிதத்தையும் படமெடுத்து வையுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.